கெளுத்திக்கு பிரெய்டா தங்கூஸா? லீடர் எத்தன எம்எம் போடணும்?

குழித்துறை ராத்தூண்டல்:
எல்லாருக்கும் வணக்கம். நான் குழித்துறை பக்கம் தாமிரபரணில ராத்திரி தூண்டல் போடுறவன், கெளுத்திதான் குறி. முன்ன சாதா தங்கூஸ்தான் (ஒத்த இழை நைலான் நரம்பு), போன மாசம் ஆசப்பட்டு நாலு இழை பின்னுன பிரெய்டு நரம்பு, 30 பவுண்டு இழுவை தாங்குறது, வாங்கி ரீல் நெறைய சுத்துனேன், அன்னைக்கு பிடிச்ச சனி, ரெண்டு வாரத்துல மூணு மீன் போச்சு. மூணும் கரைக்கு பத்தடி இருக்கும்போது, கல்லுப்படி பக்கம் வந்ததும் டப்புன்னு லூசாவுது. கடைல கேட்டா பல்லால கடிச்சிருக்கும்னு சொல்லி ஒரு பாக்கெட் ஸ்டீல் வயர் லீடர் (கொக்கிக்கு முன்ன கட்டுற துண்டு) கையில குடுத்துட்டாங்க. அத கட்டுனதுல இருந்து கடியே இல்ல. இரை கோழிக்குடலும் மண்புழுவும். பிரெய்ட தூர வீசிட்டு பழைய தங்கூஸுக்கே போயிரட்டா?

மணக்குடி காயல்:
தம்பி, வீசுறதுக்கு முன்ன அறுந்த நுனி கெடக்கான்னு பாரு. பன்னி வாலு மாதிரி சுருண்டிருந்தா முடிச்சு வழுக்கியிருக்கு. வெளக்குத்திரி மாதிரி பிசிறு பிசிறா இருந்தா கல்லுல உரசினது. பிளேடு வச்ச மாதிரி இருந்தாதான் பல்லு மேல சந்தேகப்படணும். லீடர் என்ன போட்டிருந்த, அதையும் சொல்லு.

பேச்சிப்பாறைக்காரன்:
என்ன கேட்டா பிரெய்டே வேண்டாம் மக்கா. 0.45 எம்எம் தங்கூஸ் போட்டு இருபது வருசமா பிடிக்கேன், கெளுத்தி தலைய ஆட்டும்போது நைலான் கொஞ்சம் இழுபடும், அந்த இழுவைதான் கொக்கி வாயக் கிழிக்காம காப்பாத்தும். பிரெய்டுக்கு இழுபடுற கொணமே கெடையாது. வெயில்ல கெடந்தா தங்கூஸ் மொறுமொறுன்னு ஆயிரும், அதனால வருசத்துக்கு ஒருக்க மாத்துவேன், அவ்ளோதான் செலவு. எனக்கு பழக்கமானத சொன்னேன், மத்தவங்க சண்டைக்கு வராதீங்க.

குழித்துறை ராத்தூண்டல்:
@மணக்குடி காயல் அண்ணா, கிட்ல ஒரு நுனி கெடந்தது, டார்ச் அடிச்சு பாத்தேன், திரி மாதிரிதான் நாலு இழையும் பிரிஞ்சு நிக்கி. லீடரே போடல, பிரெய்டுலயே நேரா கொக்கி கட்டிட்டேன் 🙈

மணக்குடி காயல்:
அப்போ மீன் மேல குத்தமில்ல, ஒன்மேலதான் 😀

பிரெய்டு நேரா இழுத்தா பலம், கல்லுல உரசினா போச்சு. 30 பவுண்டு பிரெய்டு நம்ம பத்து பவுண்டு தங்கூஸ் மொத்தம்தான் இருக்கும், அத கல்லுப்படில வச்சு தேச்சா எத்தன நேரம் தாங்கும். கெளுத்திக்கு வெட்டுற பல்லு கெடையாது, உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னுதான் இருக்கும், ஒரு கெளுத்தி வாயில வெரல விட்டுப்பாத்தவனுக்கு தெரியும். அது நரம்ப அறுக்காது, தேய்க்கும். அதனால வயர் வேண்டாம், தடி தங்கூஸ் போதும், 0.60ல இருந்து 0.70. ஃப்ளூரோகார்பனுக்கு காசு குடுக்காண்டாம், ராத்திரி கலங்கத் தண்ணில கெளுத்தி மீசைய வச்சுத்தான் தேடி வருது, நரம்பு கண்ணுக்கு தெரிஞ்சா என்ன தெரியலேன்னா என்ன.

பிரெய்டுல ஓட்டை ஈயம், அப்புறம் ஒரு பாசிமணி, அப்புறம் சுவிவல் (நரம்பு முறுக்காம சுத்துற வளையம்). சுவிவல்ல இருந்து ஒன்றரை அடி லீடர், நுனியில கொக்கி. மீன் இரைய எடுத்துட்டு நகந்தா நரம்பு ஈயத்துக்குள்ள ஓடும், கனம் தெரியாது, துப்பாது. கல்லுப்படி இருக்கதுனால ஈயத்துக்கு மேலயும் ஒரு ஆறடி அதே தடி தங்கூஸ் சேத்துக்க, பிரெய்டோட சேக்க டபுள் யூனி முடிச்சு, இறுக்கதுக்கு முன்ன எச்சில் தொட்டுக்க.

இன்னொண்ணு, ரீல் நெறைய பிரெய்டு சுத்துனேன்னு சொன்னியே, அடியில பத்து சுத்து தங்கூஸ் போட்டியா? இல்லன்னா பெரிய மீன் இழுக்கும்போது மொத்த பிரெய்டும் ஸ்பூல்ல வழுக்கி சுத்தும், நீ டிராக் (ரீலோட பிரேக்கு) கெட்டுப்போச்சுன்னு நெனைப்ப.

தேங்காப்பட்டணம் பொழி:
நல்லா சொன்னீங்க. ஒண்ணு மட்டும் சேத்துக்கிடுதேன், வாளை கெடைக்கிற எடத்துல இந்த கணக்கு செல்லாது, அதுக்கு வாய் நெறைய கூரான பல்லு, அங்க வயர் வேணும். பொழிமுகத்துல கடல் கெளுத்திக்கு நானும் 0.70தான், ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் லீடர நகத்துக்கு நடுவுல வச்சு உருவிப் பாப்பேன், சொரசொரன்னு பட்டா அந்த ஒரு சாண வெட்டிட்டு திரும்ப கட்டுவேன், சோம்பேறித்தனப்பட்ட அன்னைக்குத்தான் நல்ல மீன் போகும். கையில எடுக்கும்போது முதுகு முள்ளு, ரெண்டு பக்க செட்டை முள்ளு மூணும் பூட்டிக்கிடும், பாத்து. குத்திட்டா கை பொறுக்குற சூட்டுல வெந்நில முக்கி வை.

குழித்துறை ராத்தூண்டல்:
அடியில தங்கூஸ் போடல அண்ணா 😅 ரீல மொத்தமா அவுத்துட்டு இருக்கேன். அந்த வயர் பாக்கெட் யாருக்காவது வேணுமா, ஒண்ணுதான் எடுத்தேன், மிச்சம் ஒம்பது கெடக்கு.