‘ஆங்க்ரி ஆன் மீ’ ஏன் தப்பு? அட்ஜெக்டிவுக்குப் பின்னால் எந்த ப்ரிபொசிஷன்?

கேள்வி:
வங்கித் தேர்வுக்கான எரர் ஸ்பாட்டிங் (வாக்கியத்தில் பிழை கண்டுபிடிக்கும்) பயிற்சியில் இந்த மூன்று வாக்கியங்களும் தப்பு என்று போட்டிருக்கிறது: ‘ஹி இஸ் ஆங்க்ரி ஆன் மீ’, ‘ஷி இஸ் குட் இன் மேத்ஸ்’, ‘ஹி இஸ் சீனியர் தேன் மீ’. ஆங்க்ரி, குட், சீனியர் ஆகிய அட்ஜெக்டிவுகளுக்கு (தன்மையைச் சொல்லும் சொற்கள்) பின்னால் முறையே வித், அட், டு என்ற ப்ரிபொசிஷன்கள் (பெயருக்கு முன்னால் வரும் இணைப்புச் சொற்கள்) வர வேண்டுமாம். காரணம் போடவில்லை. பட்டியலாக மனப்பாடம் செய்தால் இரண்டே நாளில் குழம்பிவிடுகிறது. வேறு வழி உண்டா?

பதில் 1:
மூன்று தப்புமே நம் வேற்றுமை உருபிலிருந்து வருபவை. ‘என்மேல் கோபம்’ என்பதில் உள்ள ‘மேல்’தான் ‘ஆன்’ ஆகிவிட்டது. ‘கணக்கில் கெட்டிக்காரி’யின் ‘இல்’, ‘இன்’ ஆனது. ‘என்னைவிட’ என்பது ‘தேன்’ ஆனது. ‘டாக்டரோடு கல்யாணம்’ என்று நினைப்பதால்தான் ‘மேரிட் வித் எ டாக்டர்’ வருகிறது. சரியானது ‘மேரிட் டு’. ‘அவன்மேல் பொறாமை’ என்றால் ‘ஜெலஸ் ஆஃப் ஹிம்’. ‘வேலையில் பிஸி’ என்றால் ‘பிஸி வித் வொர்க்’.

அதனால் முழுப் பட்டியலும் வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகிறவற்றை முதலில் அடித்துவிடுங்கள். ‘இசையில் ஆர்வம்’ இன்ட்ரஸ்டட் இன், ‘அவருக்கு விசுவாசம்’ லாயல் டு, ‘அதிலிருந்து வேறுபட்டது’ டிஃபரன்ட் ஃப்ரம். இவை தானாகவே சரியாக வந்துவிடும். முரண்படுகிறவற்றை மட்டும் நோட்டில் எழுதுங்கள்: இடப்பக்கம் தமிழ் வாக்கியம், வலப்பக்கம் முழு ஆங்கில வாக்கியம். ‘ஜெலஸ் = ஆஃப்’ என்று எழுதி வைத்தால் நிற்காது.

சீனியர் மட்டும் தனி இனம். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரையர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. ‘இன்னும் மூத்த’, ‘இன்னும் தாழ்ந்த’ என்ற ஒப்பீடு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இவற்றோடு ‘தேன்’ சேராது, ‘டு’தான்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒரு அட்ஜெக்டிவுக்கு ஒரே ப்ரிபொசிஷன் என்று நினைப்பதுதான் குழப்பத்துக்கு வேர். பின்னால் வருவது ஆளா, பொருளா, செயலா என்று பாருங்கள். ஆள்மீது கோபம் என்றால் ‘ஆங்க்ரி வித்’. ‘ஆங்க்ரி அட் மீ’ என்றும் சொல்கிறார்கள், அமெரிக்காவில் கூடுதலாக. விஷயத்தைப் பற்றிய கோபம் ‘ஆங்க்ரி அபௌட்’. பொறுப்புக்கு ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும்: ‘தி கேஷியர் இஸ் ரெஸ்பான்சிபிள் டு தி மேனேஜர் ஃபார் தி கேஷ்.’ பதில் சொல்ல வேண்டிய ஆளுக்கு டு, பார்த்துக்கொள்ள வேண்டிய பொருளுக்கு ஃபார்.

சிலவற்றில் அர்த்தமே மாறிவிடும். ‘டயர்ட் ஃப்ரம் வாக்கிங்’ என்றால் நடந்து களைத்துவிட்டார். ‘டயர்ட் ஆஃப் வாக்கிங்’ என்றால் நடந்து நடந்து அலுத்துவிட்டது. ‘குட் அட்’ திறமை, ‘குட் ஃபார்’ நன்மை, ‘குட் டு மீ’ என்னிடம் அன்பாக நடந்துகொள்கிறார், ‘குட் வித் சில்ட்ரன்’ குழந்தைகளைச் சமாளிக்கத் தெரிந்தவர். ‘ஃபெமிலியர்’ திசையை மாற்றும்: ‘ஐ ஆம் ஃபெமிலியர் வித் தி ரோட்’, ஆனால் ‘தி ரோட் இஸ் ஃபெமிலியர் டு மீ’.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ‘கேப்பபிள் ஆஃப் டு டூ’ என்று எழுதியதற்கு மார்க் போய்விட்டது, ஏன்? ‘மேரிட் வித் டூ சில்ட்ரன்’ என்று ஆங்கில நாளிதழ்களில் வருகிறதே, அது தப்பா?

பதில் 3:
ப்ரிபொசிஷனுக்குப் பின் வினை வந்தால் அது ‘இங்’ வடிவத்தில்தான் வரும்: ‘கேப்பபிள் ஆஃப் டூயிங்’. ‘ஏபிள்’ என்றால் ‘ஏபிள் டு டூ’; அந்த டு ப்ரிபொசிஷன் அல்ல. பலரும் சறுக்கும் இடம் ‘யூஸ்டு டு’. ‘ஐ ஆம் யூஸ்டு டு வாக்கிங்’ என்றால் நடந்து பழக்கம். இங்கே டு ஒரு ப்ரிபொசிஷன், அதனால் இங் வருகிறது. ‘ஐ யூஸ்டு டு வாக்’ என்றால் முன்பெல்லாம் நடப்பேன். நடுவில் ‘ஆம்’ இருக்கிறதா என்று பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

‘தட்’ போட்டு முழு வாக்கியம் தொடர்ந்தால் ப்ரிபொசிஷன் விழுந்துவிடும்: ‘அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்’, ஆனால் ‘அஃப்ரெய்ட் தட் இட் வில் பைட்’. கேள்வி வாக்கியத்தில் ப்ரிபொசிஷன் கடைசிக்குப் போகும், காணாமல் போகக் கூடாது: ‘ஹூ ஆர் யூ ஆங்க்ரி வித்?’ எரர் ஸ்பாட்டிங்கில் அந்த ‘வித்’ என்ற சொல்லை உருவிவிட்டுக் கொடுத்தால் கண்ணில் படவே படாது. வாக்கியத்தின் கடைசிச் சொல்வரை வாசியுங்கள்.

‘டிஃபரன்ட் டு’ பிரிட்டனிலும், ‘டிஃபரன்ட் தேன்’ அமெரிக்காவிலும் புழக்கத்தில் உண்டு. தேர்வில் ‘ஃப்ரம்’ எழுதுங்கள், எங்கும் செல்லும்.

நாளிதழ் வாக்கியம் சரிதான். அந்த ‘வித்’, ‘மேரிட்’டோடு ஒட்டியதல்ல. கல்யாணமானவர், இரண்டு குழந்தைகள் உண்டு என்று பொருள். ‘ஷி இஸ் மேரிட் டு எ டாக்டர், வித் டூ சில்ட்ரன்’ என்று விரித்துப் பாருங்கள்.