சனிக்கிழமை ராத்திரி என்ன படம்?

கார்த்தி: சனிக்கிழமை எல்லாரும் மாம்பலம் வந்துடுவீங்க. மாடியில ப்ரொஜெக்டர் போடறேன். 'எஸ்கேப் ஃப்ரம் பிரிட்டோரியா'. 2020ல வந்தது, உண்மைக் கதை

விஜி சித்தி: விடிஞ்சா வளைகாப்பு. ஜெயில் படமா?

சுதா அத்தை: அதானே

ராமு பெரியப்பா: விஜி, அடிதடிப் படம் இல்லம்மா. தென்னாப்பிரிக்காவுல நிறவெறி ஆட்சிய எதிர்த்து துண்டுப் பிரசுரம் பரப்பினதுக்கு டிம் ஜென்கினுக்கு 12 வருஷம், ஸ்டீபன் லீக்கு 8 வருஷம். ஜெயில் பட்டறையிலயே மரத்துல சாவி செஞ்சு 1979 டிசம்பர் 11ல வெளிய வந்தாங்க.

பாலு மாமா: மண்டேலா இருந்த ஜெயிலா

ராமு பெரியப்பா: இல்ல பாலு, அவர் அப்ப ராபன் தீவுல. இது வெள்ளைக்கார அரசியல் கைதிகளுக்குன்னு தனி. ஜெயில்லயும் நிறம் பார்த்தாங்க.

சுதா அத்தை: அண்ணே, இலை 60 சொல்லவா 75ஆ?

கார்த்தி: மரச்சாவி ஒடியாதா பெரியப்பா

ராமு பெரியப்பா: ஒடியும். லிவர் பூட்டுல, அதாவது உள்ள தகடுங்க இருக்கற பூட்டுல, ஒவ்வொரு தகடையும் சரியான உயரத்துக்குத் தூக்கணும். ஒரு நூல் கூடினாலும் குறைஞ்சாலும் திரும்பாது. மரத்துல ஒரு வசதி, தகடு அழுத்தற இடத்துல தடம் விழும், அங்க மட்டும் அரத்தால ராவலாம். ஆனா முறுக்கறப்ப பல்லு ஒடிஞ்சு உள்ளயே மாட்டிக்கிட்டா, காலையில வார்டர் சாவி போடும்போது குட்டு வெளிப்பட்டுடும்.
செல்லுக்கு ரெண்டு கதவு. வெளிக்கதவுக்கு சாவித் துவாரம் வராந்தா பக்கம் மட்டும்தான். துடைப்பக் கட்டையில சாவியப் பொருத்தி, ஜன்னல் வழியா நீட்டித் திருப்புவாங்க. அந்தக் காட்சியில யாரும் எந்திரிக்காதீங்க.

விஜி சித்தி: உஷா கல்யாணத்துலயும் கம்மியா சொல்லித்தான் கடைசிப் பந்திக்கு சாம்பார் இல்ல

சுதா அத்தை: யார் சொன்னது கம்மியா?

விஜி சித்தி: நான் யாரையும் சொல்லல அண்ணி

கார்த்தி: கடைசிக் கதவு?

ராமு பெரியப்பா: பத்தாவது. எந்தச் சாவியும் பொருந்தல, செதுக்கி உடைச்சாங்க. அங்க இருந்த இன்னொரு கைதி டெனிஸ் கோல்ட்பர்க் அவங்களோட போகல. உள்ள இருந்தே காவலாளியோட கவனத்தத் திருப்பிவிட்டார். ஆயுள் கைதி, 1985லதான் விடுதலை. மூணாவதா தப்பிச்சவர் அலெக்ஸ் மூம்பாரிஸ், படத்துல பேர மாத்திட்டாங்க.

பாலு மாமா: கோல்ட்பர்க் மொத்தம் எத்தனை வருஷம்?

ராமு பெரியப்பா: 22 வருஷம் பாலு.

விஜி சித்தி: சரி மாமா, பார்க்கலாம். ஆனா ப்ரியாவ மாடி ஏத்தாதீங்க, கீழ ஹால்ல போடுங்க

சுதா அத்தை: ஹால்ல சீர்த்தட்டு இருக்கே

கார்த்தி: 106 நிமிஷம்தான். 8க்கு போட்டா 10க்குள்ள முடியும்

பாலு மாமா: தமிழ் சப்டைட்டில் இருக்கா

கார்த்தி: தேடறேன் மாமா

சுதா அத்தை: இலை??