எடி ராபின்சனின் 408 வெற்றிகளை எந்தத் தராசில் நிறுப்பது?

செந்தில்வேல்:
கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் எடி ராபின்சனுக்கு இணையான பயிற்சியாளர் இல்லை என்று மேகலா சென்ற வாரம் எழுதியிருந்தார். லூசியானாவில் கறுப்பின மாணவர்களுக்கான கிராம்ப்ளிங் கல்லூரியில் 1941 முதல் 1997 வரை 408 வெற்றிகள், பெரிய சாதனைதான். ஆனால் எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால், மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியோடு சேர்த்து மொத்தம் 489 வெற்றி கண்ட ஜான் கக்லியார்டிக்கு அல்லவா முதலிடம் தர வேண்டும்? யாரை வென்றார் என்று பார்க்க வேண்டும். பயிற்சியாளர் நிக் சேபன் தம் ஏழு தேசியப் பட்டங்களையும் நாட்டின் மிக வலுவான அணிகளை வீழ்த்திப் பெற்றார். கிராம்ப்ளிங் அந்த அணிகளோடு மோதவே இல்லை.

மேகலா:
மோதவில்லை என்பதும் மோத விடவில்லை என்பதும் ஒன்றா? ராபின்சன் வளர்ந்த பேட்டன் ரூஜ் நகரில்தான் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கறுப்பர் என்பதால் அங்கே மாணவராகக்கூட அவர் சேர முடியாது. தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு உழைத்துக்கொண்டிருந்த 22 வயது இளைஞரைக் கிராம்ப்ளிங் அழைத்தது. மாதச் சம்பளம் 63 டாலர் 75 சென்ட். மைதானத்தில் கோடு போட்டது, வீரர்களின் கணுக்காலுக்குக் கட்டுப்போட்டது, ஆட்டச் செய்தியை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பியது எல்லாம் அவரே. வழியிலுள்ள உணவகங்களில் கறுப்பர்களை உட்காரவிட மாட்டார்கள் என்பதால், வெளியூர்ப் பயணங்களில் வீரர்களுக்குச் சாண்ட்விச் செய்து எடுத்துப் போனார். இந்த நிலையிலும் 1942இல் ஆடிய 9 ஆட்டங்களையும் வென்றார். எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

கடற்கரையான்:
இன்னொரு பக்கமும் இருக்கிறது. இனப்பாகுபாடு அவருக்குப் பணத்தை மறுத்தது, வீரர்களைக் குவித்தது. தெற்கின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கதவைச் சாத்தியிருந்தவரை, சுற்றுவட்டாரத்தின் திறமைசாலிக் கறுப்பின இளைஞர்களுக்குக் கிராம்ப்ளிங் போன்ற சில இடங்களே கதி. 1970களில் கதவு திறந்ததும் அந்த ஓட்டம் திசை மாறியது. 1996, 1997 இரண்டு பருவங்களிலும் 3 வெற்றி, 8 தோல்வி. முன்பே ஓய்வு பெற்றிருக்கலாம் என்பது என் வருத்தம்.

மேகலா:
கடைசி இரண்டு ஆண்டுகளைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், எனக்கும் அது வலிதான். ஆனால் 1994இல், கதவு திறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகும், தம் 75ஆவது வயதில் அவர் தம் கல்லூரி ஆடிய பிரிவின் பட்டத்தை வென்றார். வீரர்கள் வந்து சேர்ந்தால் போதும் என்கிறீர்களா? கறுப்பரால் குவாட்டர்பேக்காக ஆட்டத்தை வழிநடத்த முடியாது என்று தொழில்முறை அணிகள் நம்பிய காலம் அது. கல்லூரியில் அந்த இடத்தில் ஆடியவர்களையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். ராபின்சன் அந்த நம்பிக்கையை உடைப்பதற்கென்றே ஜேம்ஸ் ஹாரிஸைத் தயார்செய்தார். 1969இல் தொழில்முறை அணியான பஃபலோ பில்ஸின் அந்தப் பருவத்து முதல் ஆட்டத்தையே ஹாரிஸ் குவாட்டர்பேக்காகத் தொடங்கினார். அடுத்து டக் வில்லியம்ஸ். தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில், 1988இல், இரண்டாவது கால்பகுதியில் மட்டும் பந்தை எதிரணி எல்லைக்குள் சேர்க்கும் நான்கு டச்டவுன் பாஸ்கள்! அந்தக் கோப்பையை வென்ற முதல் கறுப்பின குவாட்டர்பேக் அவர். ஒரு சிறு ஊர்க் கல்லூரியிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள்.

செந்தில்வேல்:
மனிதராகவும் ஆசிரியராகவும் அவரை வணங்குகிறேன். வாய்ப்பு மறுக்கப்பட்டவரை வாய்ப்புக் கிடைத்தவரோடு ஒப்பிட முடியாது என்றுதான் சொல்கிறேன். மறுக்கப்பட்ட ஆட்டங்களை வென்றிருப்பார் என்று நாமே எழுதிக்கொள்ள முடியாதே.

மேகலா:
சரி, அதே விதியை எல்லோருக்கும் வையுங்கள். 1985 அக்டோபரில் டல்லஸில் ராபின்சன் 324ஆவது வெற்றி பெற்றபோது முறியடித்தது அலபாமா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பேர் பிரையண்ட் வைத்திருந்த 323ஐ. 1961, 1964, 1965 ஆண்டுகளின் தேசியப் பட்டங்களைப் பிரையண்ட் முழுக்க முழுக்க வெள்ளையர் அணியோடு வென்றார். அவரும்தான் கிராம்ப்ளிங்கோடு மோதவில்லை. அவர் கணக்கில் மட்டும் ஏன் யாரும் எதையும் கழிப்பதில்லை?