டப்பா அடியில இருக்கிற நம்பர்

கவிதா: சித்தப்பா, இந்த டப்பா அடியில அம்புக்குறி முக்கோணம் போட்டு உள்ள 6னு இருக்கு. மறுசுழற்சிக்குப் போடலாம்ல?

சித்தப்பா: முக்கோணத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணாதம்மா. என்ன வகை பிளாஸ்டிக்னு சொல்ற நம்பர்தான் அது. 1988ல அமெரிக்க பிளாஸ்டிக் கம்பெனிகளோட சங்கம் கொண்டு வந்தது. எல்லாரும் மறுசுழற்சி முத்திரைன்னு நினைச்சுக்கிறாங்கன்னு 2013ல அம்பை எடுத்துட்டு வெறும் முக்கோணமா மாத்தினாங்க. பழைய அச்சு இன்னும் ஓடுது.

சித்தப்பா: 1 தண்ணி பாட்டில், பெட்னு (PET) சொல்ற பிளாஸ்டிக். 2 ஷாம்பு பாட்டில் மாதிரி கெட்டியானது. இது ரெண்டையும் பெரும்பாலும் எடுத்துக்குவாங்க. 6 பாலிஸ்டைரீன், நிறைய இடத்துல எடுக்கிறதே இல்ல. கேட்டுட்டுப் போடு.

பிரபு: எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா அங்க பிரிச்சுக்க மாட்டாங்களா?

சித்தப்பா: பிரிப்பாங்கடா. ஆனா தப்பிப் போறது போகும். 3ம் நம்பர் பிவிசி கொஞ்சூண்டு பெட்டோட கலந்தாலே வினை. பெட்டை உருக்க 250 டிகிரிக்கு மேல வேணும். அந்தச் சூட்டுல பிவிசி கருகி அமிலம் கக்கும், நல்ல சரக்கும் பழுப்பாகிடும்.

அத்தை: ஏன்டா, 'மக்கும் பை'னு போட்டிருந்ததை எருக்குழியில போட்டேன். மாசக்கணக்காச்சு, கைப்பிடி கிழியாம அப்படியே கிடக்கு!

சித்தப்பா: அக்கா, பையில பொடி எழுத்துல என்ன இருக்குன்னு பாரு.

அத்தை: 'இண்டஸ்ட்ரியல் கம்போஸ்டிங் மட்டும்'னு இருக்கு.

சித்தப்பா: அதான். பெரிய எரு ஆலையில மட்டும்தான் மக்கும்னு அர்த்தம். அங்க 58 டிகிரி வாக்குல சூடு வாரக்கணக்கா நிக்கும். வீட்டுக் குழியில அப்படி நிக்காது. இதை இவ்வளவு பொடியா அச்சடிக்கிறது ரொம்ப அநியாயம்.

பிரபு: காய்த்தோலைக் குப்பையோட போட்டாலும் மக்கிடும்தானே?

சித்தப்பா: குப்பைமேட்டு அடியில காத்துப் போகாதுடா. காத்தில்லாம அழுகினா மீத்தேன் வரும். அழுகின சாறு, வழியில கிடக்கிற பேட்டரி மாதிரி குப்பையில இருக்கிற ஈயம், காட்மியம்ங்கிற விஷ உலோகத்தையும் கரைச்சுக்கிட்டு நிலத்தடித் தண்ணிக்கு இறங்கும். லீச்சேட்னு சொல்றது அதைத்தான். ஒருதடவை இறங்கிட்டா, இறைச்சு இறைச்சு வடிகட்டி வருஷக்கணக்கா ஓட்டணும். அதனாலதான் தோலை எருக்குழியில போடச் சொல்றேன், பேட்டரியைக் குப்பையில போடாதன்னு கத்துறேன்.

பிரபு: பழைய போன் பேட்டரி ரெண்டு இருக்கு. ஒண்ணு உப்பிப் போச்சு.

சித்தப்பா: நல்லது ஒண்ணோட முனையில டேப் ஒட்டி வை. உப்பினதை அமுக்காத, குத்தாத. மணல் போட்ட இரும்பு டப்பால வச்சு வெளியில வை, மூடியை இறுக்காத. குப்பை லாரியில நசுங்கினா தீப்பிடிக்கும். நாளைக்கே மின்கழிவு எடுக்கிற இடத்துல, உப்பினதுன்னு சொல்லியே குடு.

பிரபு: காலையில முதல் வேலை அதுதான் சித்தப்பா.