முதல் மூக்குத்தி: "22 கேரட் புண் வைக்காது" என்று அடித்துச் சொல்பவர்களுக்கு

தூங்காநகரத்தாள்:
கல்யாணத்துக்கு முன் மூக்கு குத்தலாமா என்று ஒரு பெண் இங்கே கேட்டிருந்தாள். அதற்குப் பத்தர்பேரன் கொடுத்த தீர்ப்பு இது: "முதல் மூக்குத்தி 22 கேரட் தங்கம்தான் போடணும். 22 கேரட் புண் வைக்காது. டைட்டானியம் எல்லாம் மூக்கு குத்துற ஸ்டுடியோக்காரன் காசு பிடுங்குற வழி." கீழே "சூப்பர் அண்ணா" என்று வரிசையாகப் பாராட்டு வேறு. படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. என் தங்கைக்குப் போட்டதும் அதே 22 கேரட் திருகு மூக்குத்திதான். மூக்கோரம் மிளகு அளவுக்குச் சிவந்து கிளம்பி, காலையில் எழுந்தால் தலையணை உறையில் நீர் காய்ந்து ஒட்டியிருக்கும். கழற்றலாம் என்று பார்த்தால் திருகாணி மேல் சதை ஏறிவிட்டது. கடைசியில் டாக்டர்தான் எடுத்தார். புண் வைக்காதாம்!

பத்தர்பேரன்:
வாங்க தங்கச்சி. எனக்கென்று தனித் திரி திறக்கிற அளவுக்குப் பெரிய ஆளாகிவிட்டேன், சந்தோஷம். எங்கள் தாத்தா பட்டறையில் காதோ மூக்கோ குத்தாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. தங்கக் கம்பியின் முனையை அரத்தால் ராவிக் கூராக்கி, அதை வைத்தே குத்தி, அப்படியே வளைத்து விட்டுவிடுவார். அப்புறம் தேங்காய் எண்ணெய், மஞ்சள். ஒருத்திக்கும் சீழ் வைத்ததில்லை. உங்கள் தங்கைக்குப் போட்டது 22 கேரட்டாக இருந்திருக்காது. 22 கேரட் புண் வைக்காது. அவ்வளவுதான்.

ஊசிமுனை:
பியர்சிங், அதாவது காது மூக்கு குத்துவது, என் தொழில், சொல்லிவிட்டே பேசுகிறேன். 22 கேரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். நிக்கல் தொல்லை அதிகம் வருவது சிலவகை வெள்ளைத் தங்கத்தில். ஆகவே 22 கேரட்டில் ஒவ்வாமை குறைவு என்பது சரி. ஆனால் இங்கே சிக்கல் திருகில் இருக்கிறது. திருகு ஏறும் வரிகளை, அதாவது மறையை, கம்பியின் வெளிப்பக்கம் வெட்டியிருப்பார்கள். குத்திய ஈரம் காயாத துளைக்குள் அதை நுழைத்தால் உள்சதையைச் சுரண்டிக்கொண்டுதான் போகும். நாங்கள் போடும் டைட்டானியக் கம்பி வழவழவென்று இருக்கும், பின்பக்கம் தட்டையான வட்டு, கல் வைத்த தலை கம்பிக்குள் சொருகிக்கொள்ளும். வீங்க இடம் விட்டு முதலில் நீளக் கம்பி, வீக்கம் வடிந்ததும் குட்டைக் கம்பி. உள்வரை ஆற மாதக் கணக்கில் ஆகும்.

பத்தர்பேரன்:
ஆக, 22 கேரட் புண் வைக்காது என்று ஒத்துக்கொண்டீர்கள். நன்றி.

ஊசிமுனை:
நான் சொன்னது அது இல்லை.

பத்தர்பேரன்:
"ஒவ்வாமை குறைவு என்பது சரி" என்று எழுதியது யார், உங்கள் ஆவியா?

புதுத்துளை:
எல்லோருக்கும் வணக்கம். காதின் மேல் ஓரத்தில், குருத்தெலும்பில் குத்தியிருக்கிறேன். ஹெலிக்ஸ் என்றார்கள். இப்போதே வளையம் மாற்றலாமா, நேர்க்கம்பியே இருக்கட்டுமா? ப்ளீஸ்.

வார்டு அக்கா:
நான் நர்ஸ். முதலில் புண் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒவ்வாமை என்றால் அரிப்பும் தடிப்பும், தண்ணியாக நீர் வடியும். கிருமி என்றால் சூடு, தெறிக்கிற வலி, மஞ்சளோ பச்சையோ சீழ். உரசலால் வருவது துளை ஓரத்துச் சின்னக் கட்டி. கெலாய்டு என்கிற தடித்த தழும்பு துளையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகும். நாலுக்கும் காரணம் வேறு, வைத்தியம் வேறு. தங்கைக்கு வந்தது எது என்று தெரியாமல் உலோகத்தைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

பத்தர்பேரன்:
புண் என்றால் புண்தான் மேடம். அதற்கு நாலு பெயர் வைத்தால் நாலு மாத்திரை விற்கலாம். தங்கச்சி, நகை பில் இருக்கிறதா? 916 முத்திரை இருந்ததா? அதைச் சொல்லுங்கள் போதும்.

தூங்காநகரத்தாள்:
பெரிய கடை, பில் போட்டுத்தான் கொடுத்தார்கள். பெயர் சொல்ல மாட்டேன். பில்லில் 22 கேரட் என்றுதான் இருந்தது.

பத்தர்பேரன்:
முத்திரை இருந்ததா என்று கேட்டேன்.

கணக்குப்பிள்ளை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 2 கிராமுக்குக் குறைவான தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை, சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஒற்றைக்கல் மூக்குத்தி அரை கிராம் வந்தாலே அதிகம். அதில் போய் முத்திரை தேடச் சொல்கிறீர்களே அண்ணே?

பத்தர்பேரன்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! முத்திரை இல்லாவிட்டால் அது 22 கேரட் என்று எப்படி நம்புவது? 22 ஆக இருந்திருந்தால் புண் வைத்திருக்காது.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் உங்கள் தாத்தா போட்டது 22 என்று நாங்கள் எப்படி நம்புவது?

பத்தர்பேரன்:
உரைகல் என்று ஒன்று இருக்கிறது, கேள்விப்பட்டதுண்டா? தாத்தா உரைத்துப் பார்க்காமல் ஒரு பொட்டுத் தங்கம் பட்டறைக்குள் வராது. செத்துப்போனவரைச் சந்தேகப்படுகிற அளவுக்கு வந்துவிட்டீர்கள். போன வருஷம் கொலுசுத் திரியிலும் இப்படித்தான் வாலாட்டினீர்கள், மறக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
கொலுசுத் திரியில் கடைசிப் பதில் என்னுடையது. நீங்கள்தான் காணாமல் போனீர்கள்.

சிக்கனம்:
எதற்கு இவ்வளவு சண்டை? சர்ஜிகல் ஸ்டீல் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆஸ்பத்திரியில் பயன்படுத்துகிற ஸ்டீல்தானே.

ஊசிமுனை:
அந்தப் பெயரை எந்த ஸ்டீலுக்கும் ஒட்டலாம். தரமானது என்று சொல்கிற 316எல் வகையிலேயே நூற்றுக்கு 10 முதல் 14 பங்கு நிக்கல். நன்றாகச் செய்திருந்தால் அது வெளியே கசிவது குறைவு, மட்டமாகச் செய்தால் கசியும். துளையில் போடும் நகையிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் விதியே உண்டு. டைட்டானியத்திலும் உடலுக்குள் பொருத்துகிற தரமான எஃப்136 என்று கேட்டு வாங்க வேண்டும்.

பத்தர்பேரன்:
ஐரோப்பாக்காரன் மூக்குக்கு ஐரோப்பாக்காரன் விதி. தமிழன் துளை போட்டால் முதலில் ஏற்றியது தங்கம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துகிறோமே, டைட்டானியத்திலா குத்துகிறோம்?

தூங்காநகரத்தாள்:
எந்தத் தமிழன்? உங்கள் தெருத் தமிழன். எங்கள் ஆத்தா கூலிக்குப் போனவள். அவள் காதிலும் மூக்கிலும் வருஷக் கணக்காக இருந்தது வேப்பங்குச்சி. ஊரில் பாம்படம் போட்ட கிழவிகளைப் பார்த்திருப்பீர்களே, காது வளர்க்க அவர்கள் தொங்கவிட்டது ஈயக் குணுக்கு. தோள் வரை காது இறங்கிய பிறகுதான் தங்கம் ஏறியது, அதுவும் இருந்தவர்களுக்கு. முதலில் ஏற்றியது தங்கமாம்.

பத்தர்பேரன்:
ஈயம் போட்டார்கள், புண் வந்தது. தங்கம் போட்டார்கள், வரவில்லை. என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்.

தூங்காநகரத்தாள்:
ஈயத்தால் புண் வந்தது என்று நான் எங்கே எழுதினேன்?

குமரிமுனை:
தங்கமோ தகரமோ, எந்தப் பக்கம் குத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெண்ணுக்கு இடது. வலது பக்கம் குத்தினால்தான் இந்தத் தொல்லை எல்லாம்.

வார்டு அக்கா:
வலது மூக்குக்கும் இடது மூக்குக்கும் ஒரே தோல்தான் ஐயா.

காவேரிக்கரை:
இடது என்று யார் சொன்னது? அது வடக்கத்திப் பழக்கம். எங்கள் பக்கம் வலதுதான் குத்துவோம். பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவின் படத்தைப் பாருங்கள், இரண்டு பக்கமும் வைரம் ஜொலிக்கும்.

குமரிமுனை:
எங்கள் ஊர்க் கன்னியாகுமரி அம்மன் மூக்குத்தி வெளிச்சத்தைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதியதாகவும், அதனால்தான் கிழக்கு வாசலைச் சாத்தி வைத்திருப்பதாகவும் சொல்வார்கள். மூக்குத்திக்கு எங்களுக்கே பாடம் எடுக்கிறீர்களா?

ஏட்டுச்சுவடி:
பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. சிலப்பதிகாரம் கடலாடு காதையில் மாதவி போட்டுக்கொண்ட நகைகளைக் காலில் தொடங்கித் தலை வரை வரிசையாகச் சொல்லியிருக்கிறார் இளங்கோ. விரல், இடை, தோள், கழுத்து, காது எல்லாம் உண்டு. மூக்கில் ஒன்றுமே இல்லை. மூக்குத்தி பிற்காலத்தில் வந்த பழக்கம் என்று எழுதிய வரலாற்றாசிரியர்கள் உண்டு. வலதா இடதா என்று அடித்துக்கொள்கிறீர்களே!

காவேரிக்கரை:
மாதவி அன்றைக்குக் கழற்றி வைத்திருக்கலாம்.

பத்தர்பேரன்:
ஏட்டுச்சுவடி ஐயா, மாதவி காதில் போட்டது தங்கமா டைட்டானியமா?

ஏட்டுச்சுவடி:
உங்களோடு பேசுவது வீண்.

புதுத்துளை:
காதுக்கு யாராவது பதில் சொல்லுங்களேன். வளையம் வாங்கி வைத்துவிட்டேன்.

காவேரிக்கரை:
இது மூக்குத்தித் திரி தம்பி.

ஊசிமுனை:
மாற்றாதீர்கள். வளையம் அசைந்துகொண்டே இருக்கும், ஆறாத குருத்தெலும்பை இழுக்கும். நேர்க்கம்பியே இருக்கட்டும், அந்தப் பக்கம் படுக்காதீர்கள், உப்புநீர் ஸ்ப்ரே போதும், பஞ்சால் தேய்க்க வேண்டாம். காது குத்தும் துப்பாக்கியால் குத்தினார்களா? அப்படியானால் குத்தியவரிடம் உடனே காட்டுங்கள். துப்பாக்கியில் அடிக்கும் கம்பியின் முனை மழுங்கல், ஊசி போல வெட்டாது, நசுக்கிக்கொண்டு போகும். பிளாஸ்டிக் துப்பாக்கியை ஆட்டோகிளேவ் என்கிற நீராவிக் கருவியில் போட்டுக் கிருமி நீக்கவும் முடியாது.

வார்டு அக்கா:
காது மேல்பக்கம் முழுக்கச் சிவந்து வீங்கினால் குத்தியவரிடம் போகாதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள். குருத்தெலும்பில் கிருமி ஏறினால் காது சுருங்கிப்போகும். மஞ்சளையும் எண்ணெயையும் அப்பிக்கொண்டு உட்காராதீர்கள்.

பத்தர்பேரன்:
மஞ்சளையும் விட்டுவைக்கவில்லை! அது இருக்கட்டும், துப்பாக்கி என்றதும் ஞாபகம் வந்தது. தங்கச்சி, உங்கள் தங்கைக்கு அந்தப் பெரிய கடையில் எதால் குத்தினார்கள்?

தூங்காநகரத்தாள்:
அதுவா இப்போது பேச்சு?

பத்தர்பேரன்:
அதுதான் பேச்சு. எதால் குத்தினார்கள்?

தூங்காநகரத்தாள்:
எதால் குத்தினாலும் 22 கேரட் புண் வைக்காது என்றுதானே எழுதினீர்கள்? அதில் துப்பாக்கி நீங்கலாக என்று போடவில்லையே.

பத்தர்பேரன்:
பதில் வரவில்லை. எல்லோரும் கவனிக்கவும். துப்பாக்கியால் அடித்துவிட்டுப் பழியைத் தங்கத்தின் மேல் போடுகிறார்கள்.

ஊசிமுனை:
துப்பாக்கியும் தவறு, வெளிமறைத் திருகும் தவறு. இரண்டுக்கும் உலோகத்துக்கும் சம்பந்தம் குறைவு என்று மேலேயே எழுதிவிட்டேன்.

பத்தர்பேரன்:
உலோகத்துக்குச் சம்பந்தம் இல்லை என்றால் டைட்டானியத்துக்கு எதற்கு ரெண்டாயிரம் மூவாயிரம் வாங்குகிறீர்கள்?

ஊசிமுனை:
குறைவு என்றேன், இல்லை என்று சொல்லவில்லை. தங்கம் விற்கிற விலையில் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கிறீர்கள் பாருங்கள்.

பத்தர்பேரன்:
தங்கத்தை நாளைக்கு அடகு வைக்கலாம். உங்கள் டைட்டானியத்தை எந்தச் சேட்டு வாங்குவான்?

தூங்காநகரத்தாள்:
புண்ணில் ஆரம்பித்து அடகுக்கடைக்கு வந்துவிட்டார்! தங்கைக்கு மூக்கு ஆறியதும் மறுபடி குத்தப் போகிறோம், டைட்டானியம்தான். போட்டோ இங்கேயே போடுவேன்.

குமரிமுனை:
இந்தத் தடவையாவது இடது பக்கம் குத்துங்கள்.

பத்தர்பேரன்:
போட்டோ போடும்போது பழைய பில்லையும் சேர்த்துப் போடுங்கள் தங்கச்சி. கேரட் என்ன என்று பார்த்துவிடலாம்.