வயரில் தெளிவாக ஓடும் மல்டிகாஸ்ட் வீடியோ, வைஃபையில் மட்டும் ஏன் உடைகிறது?

கம்பியில்லான்:
என்கோடரிலிருந்து 4 எம்பிபிஎஸ் வீடியோவை 239.1.1.5 முகவரிக்கு மல்டிகாஸ்டாக (ஒரே பிரதியைக் கேட்பவர் எல்லாருக்கும் சேர்த்து) அனுப்புகிறேன். சுவிட்சில் வயரைச் செருகிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அதே லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறியதும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, ஒலி விட்டுவிட்டு வருகிறது. வேகச் சோதனையோ 300 எம்பிபிஎஸ் காட்டுகிறது! அப்புறம் இன்னொரு வினோதம்: வீடியோ ஓடும்போது மற்றவர்களுக்கும் இணையம் இழுக்கிறது, யாருடைய போனாவது திரை அணைந்து கிடந்தால் இன்னும் மோசம். வைஃபை கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் பழுதா?

பாக்கெட்பொறுக்கி:
பழுதெல்லாம் இல்லை. நீங்கள் பார்த்த 300 யூனிகாஸ்டின், அதாவது ஒரே ஒருவருக்கு அனுப்புவதன், வேகம். அதில் ஒவ்வொரு பிரேமுக்கும் (வைஃபையில் போகும் தரவுத் துண்டு) "கிடைத்தது" என்று ஒப்புதல் வரும், வராவிட்டால் ஆக்சஸ் பாயின்ட் மறுபடி அனுப்பும். மல்டிகாஸ்டைப் பத்துப் பேர் கேட்டால் யாரிடம் ஒப்புதல் வாங்குவது? அதனால் ஒப்புதலே கிடையாது, காற்றில் தொலைந்தது தொலைந்ததுதான். போதாததற்கு, தூரத்தில் இருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்று அடிப்படை வேகத்தில் அனுப்புவார்கள், 5 கிகாஹெர்ட்ஸில் அது பெரும்பாலும் 6 எம்பிபிஎஸ். உங்கள் 4 எம்பிபிஎஸ் என்பது நொடிக்குச் சுமார் 380 பாக்கெட். ஒவ்வொன்றும் காற்றை ஏறக்குறைய 2 மில்லிநொடி பிடித்துக்கொள்கிறது. கூட்டிப் பாருங்கள், முக்கால்வாசி நேரம் போய்விட்டது. மற்றவர்களுக்கு இழுக்காமல் என்ன செய்யும்?

(என்கோடரே வைஃபையில் இருந்தாலும் மேலே போகும் வழியில் இந்தத் தொல்லை இல்லை. ஆக்சஸ் பாயின்ட் வரை அது ஒப்புதலோடுதான் போகிறது, கீழே இறங்கும்போதுதான் வினை.)

அரைத்தூக்கம்:
போன் விஷயம் மின்சேமிப்பால் வருவது. ஒரே ஒரு கருவி தூங்கினாலும், விழித்திருக்கும் உங்கள் லேப்டாப்புக்கும் சேர்த்து எல்லா மல்டிகாஸ்ட் பிரேம்களையும் ஆக்சஸ் பாயின்ட் பிடித்து வைத்து, டிடிஐஎம் பீக்கனுக்கு (தூங்கும் கருவிகளும் விழித்துக் கேட்கும் அறிவிப்பு) பிறகு மொத்தமாகக் கொட்டும். பீக்கன் வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒன்று. டிடிஐஎம் 3, அதாவது மூன்று பீக்கனுக்கு ஒருமுறை, என்று வைத்திருந்தால் 300 மில்லிநொடிக்கு மேல் தேங்கும், பஃபர் நிரம்பினால் மிச்சம் குப்பைக்கு. 1 ஆக்குங்கள், போன்களின் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான்.

சேனல்36:
எதற்கு இவ்வளவு பாடு, அடிப்படை வேகத்தை 24 ஆக்கினால் காற்று காலியாகிவிடுமே.

பாக்கெட்பொறுக்கி:
காலியாகும், கூடவே ஓரத்தில் இருக்கும் கருவிகளும் கழன்றுவிடும். தொலையும் பிரேமுக்கும் அது மருந்தில்லை. ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை (எந்தக் குழுவை யார் கேட்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்டுப் பட்டியல் வைப்பது) போட்டு, மல்டிகாஸ்டை யூனிகாஸ்டாக மாற்றும் அமைப்பை இயக்குவதுதான் சரி. ஐபி முகவரி 239.1.1.5 ஆகவே இருக்கும், வைஃபை மட்டத்தில் மட்டும் கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி போகும்; ஒப்புதல், முழு வேகம், பிரேம்களைக் கட்டாக அனுப்புவது எல்லாம் கிடைக்கும். ஐம்பது அறுபது பேர் ஒரே ஆக்சஸ் பாயின்ட்டில் கேட்டால் பிரதிகளே சுமையாகிவிடும், உங்களுக்கு அந்தக் கவலை இருக்காது என்று நினைக்கிறேன். 2021இல் வந்த ஆர்எஃப்சி 9119 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இந்தச் சிக்கல்களைப் பற்றியதுதான், நேரம் இருந்தால் படியுங்கள்.

கம்பியில்லான்:
போட்டேன், படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது! ஆனால் நாலு நிமிடம் சொச்சத்தில் அப்படியே உறைந்துவிடுகிறது. பிளேயரை மூடித் திறந்தால் மறுபடி நாலு நிமிடம்.

அரைத்தூக்கம்:
260 நொடியா என்று எண்ணிப் பாருங்கள். குவெரியர் இல்லை. "இந்தக் குழுவை இன்னும் யார் கேட்கிறீர்கள்?" என்று 125 நொடிக்கு ஒருமுறை யாராவது விசாரிக்க வேண்டும். விசாரிக்க ஆளில்லாவிட்டால் லேப்டாப் பதில் சொல்லாது, ஸ்னூப்பிங் பட்டியலிலிருந்து பெயர் விழுந்துவிடும். ரவுட்டரிலோ சுவிட்சிலோ ஐஜிஎம்பி குவெரியரை இயக்குங்கள். இரண்டிலும் போட்டாலும் சண்டை வராது, சிறிய ஐபி முகவரி உள்ளதே விசாரிக்கும்.

கம்பியில்லான்:
கடிகாரம் வைத்துப் பார்த்தேன், 260தான். சுவிட்சில் குவெரியரைப் போட்டு இரண்டு மணி நேரமாக ஓடுகிறது, பக்கத்தில் மூன்று போன்கள் தூங்கிக்கொண்டிருக்கின்றன.