சின்னப் படகில் தீயணைப்பான்: எங்கே மாட்டியிருக்கிறது, எந்த வருஷத்துச் சரக்கு?

ராயபுரம் தூண்டில்காரன்:

காசிமேட்டிலிருந்து ஃபைபர் போட்டில் தூண்டில் போடப் போகிறவர்கள், பழவேற்காட்டில் சவாரி போனவர்கள், சொந்தமாகச் சின்னப் படகு வைத்திருப்பவர்கள் எல்லாரும் எழுதுங்கள். படகில் தீயணைப்பான் இருந்ததா, இருந்தால் வேலை செய்யும் நிலையில் இருந்ததா? லைஃப் ஜாக்கெட் பற்றி நிறையப் பேசியாயிற்று, அதை இங்கே விடுங்கள்.

நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நண்பர்கள் சேர்ந்து வழக்கமாக வாடகைக்கு எடுக்கும் போட்டில் சிவப்பு சிலிண்டர் ஒன்று உண்டு. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், ஏனென்றால் படகுக்கு அடித்த கையோடு ஓனர் அதற்கும் பெயின்ட் அடித்துவிட்டார். உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கேஜ் கண்ணாடி மேலும் பெயின்ட், வருஷம் குத்தியிருக்கும் இடத்திலும் பெயின்ட். லீவரைப் பூட்டி வைக்கும் பின் (ஊசி) இருக்க வேண்டிய ஓட்டையில் தூண்டில் நரம்பைக் கோத்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். "இது எந்த வருஷத்துது அண்ணே?" என்று கேட்டேன். "போட்டு வாங்கும்போதே இருந்துச்சு தம்பி, ராசியான சிலிண்டர்" என்றார். அது இருக்கும் இடம் இன்னும் விசேஷம். பெட்ரோல் கேனுக்குப் பின்னால். கேன் பற்றிக்கொண்டால் நெருப்பைத் தாண்டித்தான் கையை நீட்ட வேண்டும்.

தண்டையார்பேட்டைப் பெண்:

பிறந்து வளர்ந்தது தண்டையார்பேட்டை, இப்போது இருப்பது ஃப்ளோரிடாவில். இங்கே எங்களிடம் 21 அடிப் படகு ஒன்று இருக்கிறது, எஞ்சின் உள்ளேயே மூடிய பெட்டிக்குள் இருக்கும் ரகம். ஒரு விடுமுறை நாளில் கடலோரக் காவல் படையினர் எங்களை நிறுத்திப் பரிசோதித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் தீயணைப்பானைக் கேட்டார்கள். வீட்டுக்காரர் பெருமையாக எடுத்துக் கொடுத்தார். கேஜ் முள் பச்சையில்தான் நின்றது. வந்தவர் கேஜை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிலிண்டரைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்தார். 09 என்று குத்தியிருந்தது. "காலாவதி" என்று சொல்லி எச்சரிக்கைச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். பச்சையில் இருக்கிறதே என்று இவர் வாதாடியது எடுபடவில்லை.

அப்புறம்தான் விதியை உட்கார்ந்து படித்தோம். அமெரிக்காவில் 2022 ஏப்ரல் 20 முதல் புது விதி. மறுபடி நிரப்ப முடியாத ரகமாக இருந்தால், தயாரித்த வருஷத்திலிருந்து 12 வருஷம்தான் ஆயுள். முள் எங்கே நின்றாலும் சரி, ஒரு தடவைகூட அழுத்தாமல் இருந்தாலும் சரி, அதற்குமேல் கணக்கில் சேராது. 2018 மாடலோ அதற்குப் பிந்தைய மாடலோ என்றால் லேபிளில் 5-பி அல்லது 20-பி என்று இருக்க வேண்டும். 1953 முதல் 2017 வரையிலான மாடல்களில் பழைய பி-1, பி-2 ரகத்தையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதுவும் காலாவதி ஆகியிருக்கக் கூடாது. 26 அடிக்குக் குறைவான படகுக்கு 5-பி ஒன்று போதும். 26 முதல் 40 அடிக்குள் என்றால் இரண்டு, அல்லது 20-பி ஒன்று. அந்த 5 என்பது, பயிற்சி இல்லாத ஆள் அதை வைத்து அணைக்கக்கூடிய எண்ணெய்த் தீயின் பரப்பு, சதுர அடியில். எவ்வளவு சின்னது பாருங்கள்!

சிலிண்டரில் துரு ஏறியிருக்கக் கூடாது, பின் உறுதியாக இருக்க வேண்டும், நாசில் அடைத்திருக்கக் கூடாது, சட்டென்று கைக்கு எட்ட வேண்டும். இவையும் விதியிலேயே வருகின்றன. ராயபுரத்து அண்ணன் சொன்ன அந்த ராசியான சிலிண்டர் இங்கே ஒன்றிலும் தேறாது.

எண்ணூர் முகத்துவாரம்:

அக்கா, எங்களுடையதெல்லாம் திறந்த படகு, பின்னால் அவுட்போர்டு எஞ்சின். அந்தச் சட்டத்தில் இதற்கும் உண்டா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். தெரியாதவர்களுக்காக: எங்கள் எஞ்சின்களைப் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அப்படி மாற்றும்போது ட்யூப் இணைப்பில் கசிந்திருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. திடீரென்று எஞ்சின் அடியில் நீலமாக ஒரு நாக்கு எழுந்தது. தூண்டில் போட வந்த டவுன் ஆள் ஒருவர், நல்ல மனுஷர், பதறிப்போய் தண்ணீர் இறைக்கும் மக்கால் கடல் தண்ணீரை மொண்டு அடித்துவிட்டார். பெட்ரோல் தண்ணீருக்கு மேலே மிதக்கும் இல்லையா, நெருப்பும் அதோடு மிதந்து போட்டின் நடுப்பக்கம் வரை வந்துவிட்டது. அங்கே நைலான் கயிறு, ரெயின்கோட்டு, சாப்பாட்டுப் பை எல்லாம் கிடந்தன.

மாமாதான் அன்றைக்குக் காப்பாற்றினார். முதலில் ட்யூபைப் பிடுங்கினார், கேனைத் தூக்கிக் கடலில் எறிந்தார். அதற்கப்புறம்தான் நெருப்புக்கு வந்தார். நனைத்த சாக்கை மேலே போட்டு, காலால் மிதிக்காமல் அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் வரத்தை நிறுத்தாமல் எதை அடித்தாலும் மறுபடி பிடிக்கும் என்று அவர் சொன்னது எனக்கு இப்போதும் மந்திரம் மாதிரி. பின்பலகை கருகி, ஃபைபர் உரிந்து, அந்த நாற்றம் போகவே நாளாயிற்று. அந்த சீசனிலேயே 2 கிலோ சிலிண்டர் வாங்கி முன்பக்கம் மாட்டிவிட்டோம். எஞ்சின் பின்னால், ஆள் நடுவில், சிலிண்டர் முன்னால். இந்த வரிசை முக்கியம்.

இன்னொன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எங்கள் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது எல்லாருக்கும் தெரியும். போட்டு, வலை, கை கால் எல்லாம் கறுப்பு. கச்சா எண்ணெயைத் துடைத்த துணியும் சாக்கும் அப்படியே போட்டுக்குள் குவிந்து கிடந்தன. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பீடி பற்றவைத்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் கோபம் வேறு வரும்.

தண்டையார்பேட்டைப் பெண்:

தம்பி, 26 அடிக்குள் இருக்கும் திறந்த அவுட்போர்டு படகுக்கு இங்கே விலக்கு உண்டு. ஆனால் அதில் ஒரு கொக்கி இருக்கிறது. பெட்ரோல் ஆவி தங்க இடமில்லாத படகுக்குத்தான் அந்த விலக்கு. பெட்ரோல் கேன் வைக்கிற மூடிய அறை இருந்தாலோ, எரியக்கூடிய சாமான்களை மூடிய பெட்டியில் வைத்தாலோ, டேங்க் படகோடு நிரந்தரமாகப் பொருத்தியிருந்தாலோ விலக்கு போச்சு. இரட்டை அடித்தளத்துக்கு நடுவே மிதவைப் பொருள் முழுக்க நிரம்பாமல் காலி இடம் இருந்தாலும் அப்படித்தான். நம் ஊர் ஃபைபர் போட்டில் தெர்மோகோல் அடைத்துப் பலகை மூடியிருப்பார்களே, அது பாதி உடைந்து உள்ளே வெற்றிடம் விழுந்திருந்தால் யோசிக்க வேண்டியதுதான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தைத் தேடிப் போய் உட்காரும். எங்கள் படகில் எஞ்சினைக் கிளப்புமுன் ஆவியை வெளியே தள்ளும் விசிறியான புளோயரை 4 நிமிஷம் ஓட விட்டு, முகர்ந்து பார் என்று ஸ்டிக்கரே ஒட்டியிருக்கிறது.

மண்ணடி ரீஃபில் கடை:

இருபக்கக் கதையையும் கேட்டேன், நடுவில் நிற்கிறவன் நான். போட்டுக்காரர்கள் கடைக்கு வந்து முதலில் கேட்பது, "ஸ்டிக்கர் மட்டும் புதுசா ஒட்டித் தர முடியுமா?" முடியாது.

கடலோரம் இருந்து வரும் சிலிண்டரில் எனக்குத் தெரிந்து மூன்று கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது. வால்வு கழுத்தில் உப்பு பூத்து லீவர் அசையாது. கேஜ் முள் பச்சையிலேயே ஒட்டிப்போய், உள்ளே அழுத்தமே இல்லாமல் நிற்கும். மூன்றாவதுதான் மோசம்: எஞ்சின் அதிர்விலேயே மாசக்கணக்கில் தொங்குவதால் பவுடர் அடியில் இறுகிக் கட்டியாகிவிடும். அழுத்தினால் வாயு மட்டும் புஸ்ஸென்று போகும், பவுடர் உள்ளேயே இருக்கும். அவ்வப்போது கழற்றித் தலைகீழாகப் பிடித்து, உள்ளங்கையால் அடியில் தட்டுங்கள். பவுடர் சரிகிற சத்தம் கேட்க வேண்டும்.

நம் ஊரில் இந்தியத் தர விதிப்படி சிலிண்டர் தரத்துக்கு ஐஎஸ் 15683, பராமரிப்புக்கு ஐஎஸ் 2190. அந்தக் கணக்கில் பவுடர் சிலிண்டருக்கு ஆயுள் 10 வருஷம், கார்பன் டை ஆக்சைடுக்கு 15. நிரப்பி நிரப்பி இருபது வருஷம் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், உடம்பு தாங்காது. கார்பன் டை ஆக்சைடு திறந்த படகுக்கு ஆகவே ஆகாது, கடல் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். திடப்பொருள், எண்ணெய், எரிவாயு மூன்று தீக்கும் ஆகிற ஏபிசி பவுடர்தான் நடைமுறைக்குச் சரி. ஆனால் அது அலுமினியத்தை அரிக்கும். அடித்து முடித்து உயிர் தப்பிய பிறகு எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் அடுத்த செலவு மெக்கானிக்குக்கு.

அமெரிக்க லேபிளைப் பார்த்து ஏமாறக் கூடாத இடம் ஒன்று உண்டு. அங்கே 'சி' என்றால் மின்சாரத் தீ, இங்கே 'சி' என்றால் எரிவாயுத் தீ. 'பி' இரண்டு ஊரிலும் எண்ணெய்த் தீதான்.

காசிமேடு லாஞ்சு டிரைவர்:

ரிட்டயர் ஆனவன், சின்னப் போட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பதற்கு மன்னிக்கவும். 2023 நவம்பர் 19 ராத்திரி விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? ஒரு போட்டில் பிடித்த தீ, பக்கத்துப் பக்கத்தில் கட்டியிருந்த 40 போட்டு வரைக்கும் தின்றுவிட்டது. உள்ளே டீசல், சமைக்க வைத்திருந்த கேஸ் சிலிண்டர். நம் ஊரிலும் அப்படித்தானே ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு கட்டியிருக்கிறோம். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் வரிசையில் எத்தனை போட்டில் சிலிண்டர் இருக்கிறது என்று சும்மா ஏறிப் பார்த்தேன். இருந்த சிலவும் போட்டை ஓட்டும் அறையான வீல்ஹவுசுக்குள் பூட்டி, சாவி ஓனர் வீட்டில். கயிறு அறுக்க ஒரு கோடாலியாவது வெளியே வையுங்கள் என்று சொன்னேன், இரண்டு பேர் கேட்டார்கள்.

பழவேற்காடு போய்வந்தவள்:

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனதிலிருந்து வீட்டில் படகு என்றாலே லைஃப் ஜாக்கெட் பேச்சுதான். (இங்கே விடச் சொன்னீர்கள், விட்டுவிடுகிறேன்.) பல வருஷம் கழித்து வேறொரு ஊர்ச் சவாரியில் ஜாக்கெட் எல்லாம் கச்சிதம். குழந்தைகளை உட்கார வைத்த பலகைக்கு அடியில் மூடி சரியாகப் பொருந்தாத பெட்ரோல் கேன். வாடை மூக்கைத் துளைத்தது. "கேனைப் பின்னால் வையுங்க, இல்லன்னா இறங்கிடுறோம்" என்றேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டுதான் நகர்த்தினார்கள். தீயணைப்பான் கேட்டதற்குக் கரையில் ஆபீசில் இருக்கிறதாம்.

ராயபுரம் தூண்டில்காரன்:

ஆபீசில்! நெருப்பு நீந்திப் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளும் போல.

ஒரு சந்தேகம். கரையை ஒட்டித்தான் போகிறோம், பிடித்தால் குதித்துவிட வேண்டியதுதானே என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் வாதாடுகிறார். என்ன சொல்கிறீர்கள்?

எண்ணூர் முகத்துவாரம்:

குதிக்கலாம் அண்ணே. முகத்துவாரத்தில் நீரோட்டம் வெளியே இழுக்கிற நேரமாக இல்லாமல் பார்த்துக் குதிக்கச் சொல்லுங்கள். கசிந்த பெட்ரோல் தண்ணீர் மேலேயும் எரியும், காற்று வருகிற பக்கமாகக் குதிக்க வேண்டும், காற்று போகிற பக்கமாகக் குதித்தால் தீ நம் மேலேயே வரும். அதையும் சொல்லுங்கள்.

மண்ணடி ரீஃபில் கடை:

1 கிலோ சிலிண்டர் பத்து விநாடிகூட நிற்காது. அதனால் முதலில் ஆட்களை முன்பக்கம் அனுப்பி, எண்ணெய் வரத்தை அடைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தீயின் அடியைப் பார்த்து அடியுங்கள். தீர்ந்தும் எரிந்தால் அப்போது குதியுங்கள்.

எண்ணூர் முகத்துவாரம்:

அக்கா, அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அந்த 5-பி சிலிண்டர் ஒன்று கொண்டு வர முடியுமா?

தண்டையார்பேட்டைப் பெண்:

விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள் தம்பி. மண்ணடிக்காரரிடமே வாங்குங்கள், அடியில் வருஷத்தைப் பார்த்து.

மண்ணடி ரீஃபில் கடை:

வாங்க. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. பழைய சிலிண்டரையும் கொண்டு வாங்க, பெயின்ட் சுரண்டிப் பார்க்கலாம்.